டெலிவரி தேதியை மென்பொருள் எப்படிக் கணக்கிடுகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஐரோப்பாவிலிருந்து 20,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் நவம்பர் 20 அன்று சரக்கு கப்பலேற வேண்டும் என்கிறார் சரக்கை வாங்கும் பையர். கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அந்தத் தேதியை ஆர்டர் மென்பொருளில் போட்டதும், நூல் என்றைக்கு வாங்க வேண்டும், துணி என்றைக்குச் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும் என்று வரிசையாகத் தேதிகள் வந்து நிற்கின்றன.

முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு, பத்திரிகை அடிப்பது முதல் பந்தக்கால் நடுவது வரை பின்னோக்கி எண்ணுவோமே, மென்பொருள் செய்வதும் அதுதான். துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க 3 நாள், பேக்கிங் 4, தையல் 12, கட்டிங் 3, சாயம் 10, நிட்டிங் 6, நூல் வந்துசேர 10. மொத்தம் 48 நாள். நவம்பர் 20இலிருந்து பின்னால் போனால் அக்டோபர் 3. ஒவ்வொரு வேலைக்கும் எழுதியிருக்கும் இந்த நாள் கணக்குக்குத்தான் லீட் டைம் என்று பெயர்.

அக்டோபர் 3 என்பதை அப்படியே நம்ப முடியாது. நூல் மில்லிலிருந்து வரும் நாட்கள் காலண்டர் நாட்கள். தையல் நாட்களோ வேலை நாட்கள். எஸ்ஏபி போன்ற நிறுவன நிர்வாக மென்பொருள்கள் இதைத் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கின்றன: வெளியே வாங்குவதற்குக் காலண்டர் நாள், உள்ளே தயாரிப்பதற்கு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமைகளையும், தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் தீபாவளி வாரத்தையும் கழித்தால் தொடக்கம் செப்டம்பர் 20 வாக்கில் போய் நிற்கும். கம்பெனி காலண்டரில் லீவு நாட்களை யாரும் பதிவு செய்யவில்லை என்றால், ஆர்டர் வந்த அன்றே இரண்டு வாரம் தொலைந்துவிடும், அதுவும் யாருக்கும் தெரியாமல்.

கணக்கிட்ட தொடக்கத் தேதி ஏற்கெனவே கடந்துபோயிருந்தால், நல்ல மென்பொருள் திசையை மாற்றிக்கொள்ளும். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணி, ‘இந்தத் தேதிக்குத்தான் முடியும்’ என்று வேறொரு நாளைச் சொல்லும். அதைப் பையரிடம் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் சொன்னால் சரக்கை விமானத்தில் அனுப்பும்படி ஆகும், அந்தச் செலவில் லாபம் கரைந்துபோகும்.

இதுவரை வெறும் கழித்தல் கணக்கு. சாயத்துக்கு 10 நாள் என்று எழுதினோமே, அது எங்கிருந்து வந்தது? மெஷினுக்குள் துணி இருப்பது சில மணி நேரம்தான். அடர் நிறமாக இருந்தாலும், காயவைத்து, துணி பின்னால் சுருங்காமலிருக்க காம்பாக்டிங் செய்வதையும் சேர்த்துக்கொண்டாலும், பத்து நாளுக்குப் பக்கத்தில்கூட வராது. மீதி நாளெல்லாம் துணி தன் முறைக்காகக் காத்துக் கிடக்கிறது. லீட் டைமில் பெரும்பங்கு வேலை நேரம் அல்ல, வரிசையில் நிற்கும் நேரம்.

வரிசைக்கு ஒரு விதி உண்டு. 1961இல் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் அதைக் கணிதமாக நிரூபித்தார். உள்ளே தேங்கியிருக்கும் வேலையை, ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். தினமும் 5 டன் முடிக்கும் பட்டறையில் 50 டன் துணி கிடந்தால் 10 நாள்.

சில ஆர்டர்கள் தாமதமாகின்றன. பயந்துபோய் எல்லாக் கம்பெனிகளும் மென்பொருளில் 10ஐ 14 ஆக்குகின்றன. உடனே மென்பொருள் எல்லார் துணியையும் நாலு நாள் முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது. பட்டறையில் இப்போது 70 டன். மெஷின் அதேதான், தினமும் 5 டன்தான். 70ஐ 5ஆல் வகுத்தால் 14 நாள்! ‘பார்த்தீர்களா, 14 நாள் ஆகிறது’ என்று அடுத்த முறை 18 போடுவார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த நாட்களே தாமதத்தை உண்டாக்கிவிட்டன.

இந்தக் குறையின் வேர் பழையது. ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் 1960களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த, எந்தப் பொருள் என்றைக்கு வேண்டும் என்று கணக்கிடும் பொருள் தேவைத் திட்டமிடல் முறை, லீட் டைமை மாறாத எண்ணாகவே எடுத்துக்கொண்டது. மெஷினுக்கு எவ்வளவு கொள்ளளவு என்று அது பார்க்கவில்லை. இன்றைக்கும் பல மென்பொருள்களின் அடிப்படைக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. துணி, லேபிள், பட்டன், பாலிபேக், அட்டைப்பெட்டி ஆகிய ஐந்தும் தனித்தனியே 90 சதவீத வாய்ப்போடு நேரத்துக்கு வரும் என்றால், ஐந்தும் சேர்ந்து நேரத்துக்கு வர வாய்ப்பு 59 சதவீதம்தான். லேபிள் வராததால் தைத்து முடித்த சட்டைகள் மலைபோலக் கிடப்பது இதனால்தான். சராசரி நாட்களை வைத்துத் தேதி கொடுப்பது ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியுலகமும் எண்ணை மாற்றும். சாயக்கழிவு விதிகளைக் கடைப்பிடிக்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, மென்பொருளில் இருந்த சாய நாட்கள் ஒரே நாளில் அர்த்தமிழந்தன. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக, ஐரோப்பாவுக்கான பயணம் ஏறத்தாழ 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது.

சரியான எண்ணைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. துணி அனுப்பிய தேதியும் திரும்பி வந்த தேதியும் அதே மென்பொருளில் பதிவாகியிருக்கின்றன. கடைசி 30 ஆர்டர்களை எடுத்து, அவற்றில் 27 எத்தனை நாளுக்குள் வந்தன என்று பாருங்கள். பையருக்குத் தேதி கொடுக்க அந்த எண் உதவும். பட்டறைக்குத் துணி அனுப்பும் நாளை முடிவு செய்ய அது போதாது. அதற்கு இன்றைக்கு அங்கே எத்தனை டன் கிடக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும்.