இசைவாணை: தொழிற்சாலைப் புகைக்கு வாரியம் தரும் ஒப்புதல், அதன்மேல் மக்கள் செய்யும் முறையீடு

தொழிற்பேட்டைக்குள் இதை யாரும் ‘இசைவாணை’ என்று சொல்வதில்லை. ‘கன்சென்ட் வாங்கியாச்சா?’, ‘போர்டுல இன்னும் ரினியூவல் வரலை’ என்றுதான் பேச்சு. மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்கள் ‘பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்காமே, அப்புறம் என்ன பண்றது?’ என்பார்கள். தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் தமிழ்க் கடிதங்களில்தான் ‘இசைவாணை’ என்ற சொல் இருக்கிறது. இருப்பவற்றில் சரியான சொல்லும் அதுவே. ‘சர்டிபிகேட்’ என்று சொல்லப் போய்த்தான் மக்கள் கை ஓய்ந்து விடுகிறார்கள். சான்றிதழ் என்றால் ஆலை சுத்தம் என்று யாரோ சோதித்துச் சொல்லிவிட்டதாக அர்த்தமாகிறது. இசைவாணை அப்படி எதையும் சொல்வதில்லை. இன்னின்ன நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால், இன்ன தேதிவரை நீ இயங்க நான் உடன்படுகிறேன் என்பது மட்டுமே அதிலுள்ள செய்தி.

சொல்லைப் பிரித்தால் இசைவு + ஆணை. ‘இசை’ என்ற வினைக்குப் பொருந்து, உடன்படு என்று பொருள். பாட்டைக் குறிக்கும் இசையும், பழந்தமிழில் புகழைக் குறிக்கும் இசையும் எழுத்தில் இதே வடிவம்தான். ‘அவர் இதற்கு இசையமாட்டார்’ என்று இன்றும் சொல்கிறோம். இசைவு என்பதற்குள் எப்போதும் இரண்டு தரப்பு உண்டு. ஒருவர் கேட்க, மற்றவர் உடன்படுகிறார். உடன்படாமலும் போகலாம். ஆங்கிலச் சட்டச் சொல்லான ‘கன்சென்ட்’ லத்தீனில் ‘சேர்ந்து உணர்தல்’ என்ற பொருளிலிருந்து வந்தது. அந்தப் பொருளுக்குத் தமிழில் இதைவிட நெருங்கிய சொல் இல்லை. ‘ஆணை’ என்ற பின்பாதியும் தேவையான ஒன்று. வாய்ச்சொல்லாக உடன்பட்டால் போதாது. எழுத்தில், காரணம் காட்டி, ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணை என்று ஒன்று இருப்பதால்தான் அதன்மேல் மேல்முறையீடும் செய்ய முடிகிறது.

இந்தச் சொல்லின் சட்ட வேர் 1981ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 21. காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், மாநில வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் எவரும் தொழிற்சாலையை நிறுவவும் கூடாது, இயக்கவும் கூடாது. ‘நிறுவ’ என்பது 1987 திருத்தத்தில் சேர்ந்தது. அதனால் இரண்டு தாள்கள் வேண்டும்: கட்டடம் எழுப்பும் முன் நிறுவ இசைவாணை, உற்பத்தி தொடங்கும் முன் இயக்க இசைவாணை. முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவது வருமுன்பே ‘சோதனை ஓட்டம்’ என்று சொல்லிப் புகைவிடும் ஆலை சட்டத்தை மீறுகிறது.

விண்ணப்பம் வந்த நான்கு மாதத்துக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டத்திலுள்ள வரம்பு. இங்கே ஒரு நுணுக்கம். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில், நான்கு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று பிரிவு 25(7) சொல்கிறது. காற்றுச் சட்டத்தின் பிரிவு 21இல் அப்படி ஒரு வாசகம் இல்லை. ‘பதில் வரவில்லை, ஆகவே இசைவு கிடைத்துவிட்டது’ என்று நீர்ச் சட்டத்தைக் காட்டிப் புகைக்கும் சேர்த்து வாதாடினால், அங்கேயே மறுக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் பல. உரிமம் என்பது உள்ளாட்சியோ தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமோ தருவது. தடையின்மைச் சான்று, ‘எங்கள் துறைக்கு ஆட்சேபம் இல்லை’ என்பதற்குமேல் எதையும் சொல்வதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி 2006ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் பெரிய திட்டங்களுக்கு வருவது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அதற்குத்தான் உண்டு, இசைவாணைக்குக் கிடையாது. இலங்கையில் புழங்கும் சொல் ‘அனுமதிப்பத்திரம்’. அங்கே மூலச் சட்டமும் வேறு, ஆங்கிலச் சொல்லும் வேறு. நம் ஊரில் நடுத்தர ஆலை ஒன்று வரும்போது பெரும்பாலும் கருத்துக்கேட்பு எதுவும் நடப்பதில்லை. ஊரார் முறைப்படி வாய்திறக்கக் கிடைக்கும் முதல் வாசல் மேல்முறையீடுதான். அதனால் அந்த வாசலின் அளவுகளைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

முதலில் ஆணையைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். செல்லுபடியாகும் கடைசித் தேதி, தயாரிக்கும் பொருள்கள், அவற்றின் அளவு ஆகியவற்றுக்கு அடுத்து ஓர் அட்டவணை வரும். எந்தக் கொதிகலன் அல்லது உலையின் புகைபோக்கி, அதில் பொருத்த வேண்டிய கட்டுப்பாட்டுச் சாதனம், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், மணிக்கு எவ்வளவு வாயு என்று ஒவ்வொரு புகைபோக்கிக்கும் ஒரு வரி இருக்கும். ஆலைக்கு வெளியே நின்று புகைபோக்கிகளை எண்ணுங்கள். அட்டவணையில் மூன்று, கண்ணுக்கு நான்கு என்றால் மேல்முறையீட்டின் முதல் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

உயரத்தையும் சரிபார்க்கலாம். கந்தக டை ஆக்சைடு வெளிவிடும் புகைபோக்கிக்குச் சூத்திரம் இது: மணிக்கு எத்தனை கிலோ வெளியேறுகிறதோ அந்த எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி, 14ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 20 கிலோ என்றால் ஏறக்குறைய 34 மீட்டர் வரும். ஆணையில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். டீசல் ஜெனரேட்டருக்குக் கணக்கு எளிது: கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் 0.2 பங்கைக் கூட்ட வேண்டும். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர்.

அடுத்த சொல் ‘உமிழ்வு’. உமிழ் என்றால் வாயிலிருந்து வெளியே தள்ளுவது; எமிஷனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கழிவுநீருக்கு ‘வெளியேற்றம்’, புகைக்கு ‘உமிழ்வு’ என்று பிரித்தே எழுதுவது நல்லது. உமிழ்வு அளவு வேறு, சுற்றுப்புறக் காற்றின் தரம் வேறு. உமிழ்வு, புகைபோக்கிக்குள் ஒரு கனமீட்டர் வாயுவில் எத்தனை மில்லிகிராம் என்று அளக்கப்படுவது. சுற்றுப்புறத் தரம், வீதியில் ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பது, பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு 60. இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. மொட்டைமாடியில் கருவி வைத்து அளந்த எண்ணைக் காட்டி, ‘ஆலை உமிழ்வு வரம்பை மீறிவிட்டது’ என்று மனு எழுதினால், எதிர்த்தரப்பு அதை ஒரே வரியில் தள்ளிவிடும். வீட்டில் அளந்த எண்ணைச் சுற்றுப்புற வரம்போடும், ஆலையின் எண்ணை ஆலையின் வரம்போடும் ஒப்பிட்டே எழுதுங்கள்.

ஆலையின் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கனமீட்டருக்கு 200 மில்லிகிராம் தூசி போகும் குழாயில் அதே அளவு வெளிக்காற்றைக் கலந்தால் கருவி 100 என்று காட்டும். ஊர்மேல் விழும் தூசியோ ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. இதைத் தடுக்கத்தான் பல தரநிலைகளில் ஆக்சிஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு அளவுக்குத் திருத்திக் கணக்கிடச் சொல்கிறார்கள். ஆய்வறிக்கையின் நகல் கிடைத்தால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி எடுத்த நேரத்தில் ஆலை முழுக் கொள்ளளவில் ஓடியதா என்பதும் அதில் இருக்க வேண்டும். பாதிச் சுமையில் எடுத்த மாதிரி முழுச் சுமைக்குச் சாட்சி ஆகாது.

இனி மேல்முறையீடு. ‘முறை’ என்றால் நீதி; முறையிடுதல் என்பது நீதி கேட்டு நிற்பது. கீழே ஒரு தீர்வு வந்தபின் அதற்கு மேலுள்ளவரிடம் முறையிடுவதால் மேல்முறையீடு. புகார் என்பது வேறு. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் கடிதம் புகார். பத்துப் புகார் கொடுத்திருந்தாலும் மேல்முறையீட்டின் காலக்கெடு அதற்காக நிற்காது. காற்றுச் சட்டத்தின் பிரிவு 31இன்படி, வாரிய ஆணையால் குறையுற்ற எவரும், அந்த ஆணை தமக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள், இதற்கென மாநில அரசு அமைத்த மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் செல்லலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்கலாம்.

ஆணையை வாரியம் ஆலைக்குத்தான் அனுப்பும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பாது. சிக்கல் இங்கேதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்டால் பதில் வரவே 30 நாள் ஆகலாம், அதற்குள் கெடு போய்விட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதைவிட விரைவான வழி காற்றுச் சட்டத்தின் பிரிவு 51. இசைவு பெற்றவர்களின் விவரமும், ஒவ்வோர் இசைவுக்கும் விதித்த உமிழ்வுத் தரமும் எழுதிய பதிவேடு ஒன்றை வாரியம் வைத்திருக்க வேண்டும். அந்தத் தரத்தால் பாதிக்கப்படுபவரோ, அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ உரிய நேரத்தில் போய் அதைப் பார்வையிடலாம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணை இருப்பதை எந்த நாளில் அறிந்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரை சான்றாகும். தாமதத்தைப் பொறுக்கக் கோரும் மனுவையும் கூடவே வைத்துவிடுவது நல்லது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுவும் வேண்டும். மேல்முறையீடு தாக்கல் ஆன ஒரே காரணத்தால் ஆலை நிற்காது.

அங்கும் தோற்றால், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16இன்படி 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அதன்பின் உச்ச நீதிமன்றம், 90 நாள்.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வழக்கு சாட்சி. 2018 ஏப்ரல் 9 அன்று வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது மே 22, 23 நாள்களில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28 அன்று அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. நிறுவனம் தீர்ப்பாயத்துக்குச் சென்று டிசம்பரில் சாதகமான உத்தரவு பெற்றது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தாமிர உருக்கலின் நன்மை தீமையை எடைபோட்டு வந்த முடிவு இல்லை அது. இந்த வழக்கை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை, காற்றுச் சட்டத்தில் மேல்முறையீட்டு அதிகார அமைப்பைத் தாண்டி நேரே அங்கு வர முடியாது என்பதே காரணம். பிறகு 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது. பெரிய நிறுவனத்துக்கு எதிராக நின்ற அதே விதி, நாளை தவறான வாசலைத் தட்டும் கிராமத்துக்கு எதிராகவும் நிற்கும்.

கடைசியாக, மொழிபெயர்ப்பில் உரிமை சுருங்கிப் போகும் ஓர் இடம். சட்டம் பேசுவது ‘குறையுற்ற நபர்’ பற்றி. இதைத் தமிழில் வழக்கமாகப் ‘பாதிக்கப்பட்ட நபர்’ என்று எழுதிவிடுகிறோம். உடனே ‘உங்களுக்கு என்ன நோய் வந்தது, மருத்துவச் சான்று எங்கே?’ என்ற கேள்வி எழுகிறது. ஆணையால் தமக்கு நியாயமான மனக்குறை உண்டென்று காட்டக்கூடியவர் குறையுற்றவர். அதற்கு நுரையீரல் கெட்டிருக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 18 இந்தச் சொல்லுக்குள் பிரதிநிதித்துவ அமைப்புகளையும் சேர்க்கிறது, ஆகவே ஊர்ச் சங்கமும் அங்கே மனுதாரர் ஆகலாம். மனுவின் முதல் பத்தியில் ‘குறையுற்றவர்’ என்றே எழுதுங்கள். வீடு ஆலையிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை, எந்த மாதங்களில் காற்று அந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அதற்கு அடுத்த வரியில் சேருங்கள்.