அறிவிப்பு வரவில்லை என்கிறீர்களே, யாருக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள்?

மீண்டும் அதே கதை. ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தின் ஐ.பி. முகவரித் தொகுதி ஒன்று திடீரென்று வெளியுலகுக்குத் தெரியாமல் போனது. இரவெல்லாம் ரௌட்டரைக் குடைந்திருக்கிறார்கள். ரௌட்டரில் ஒன்றுமில்லை. ஐரோப்பிய இணைய முகவரிப் பதிவேடான ரைப்பின் தரவுத்தளத்தில், இந்த முகவரிகளை இந்த நெட்வொர்க்தான் அறிவிக்கலாம் என்று சொல்லும் ரூட் (route) பதிவை யாரோ முந்தைய நாள் பகலிலேயே நீக்கிவிட்டார்கள். மேலிணைப்பு தரும் நிறுவனம் அந்தப் பதிவுகளைப் பார்த்து உருவாக்கும் ஃபில்டரை (எந்த முகவரிகளை ஏற்பது என்ற பட்டியலை) நள்ளிரவில் புதுப்பித்தபோதுதான் அடி விழுந்தது.

“எங்களுக்கு மின்னஞ்சலே வரவில்லையே!” வராது. பதிவுகளை யார் மாற்றலாம் என்று சொல்லும் மெயின்டெய்னர் பதிவில் ‘அப்ட்-டு’ (upd-to) என்ற மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்பதால் எல்லோரும் நிரப்புகிறார்கள். ஆனால் அனுமதியில்லாத ஒருவர் மாற்ற முயன்று தோற்றால்தான் அந்த முகவரிக்கு மின்னஞ்சல் வரும். மாற்றம் நடந்தேறினால் தகவல் போவது ‘எம்.என்.டி-என்.எஃப்.ஒய்’ (mnt-nfy) முகவரிக்கு. அது கட்டாயமில்லை, ஆகவே காலி. பூட்டை உடைப்பவனைக் கண்டு குரைக்கும் நாய், சாவியோடு வருபவனிடம் வாலாட்டும். வேலையை விட்டுப் போனவரிடம் இன்னும் கடவுச்சொல் இருந்தால், அவரிடமும்தான்.

பதிவு கடைசியாக மாறிய தேதியைச் சொல்லும் ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ பார்த்தால் போதாதா என்கிறார்கள். பதிவே போனபின் தேதியை எதில் பார்ப்பீர்கள்? ரைப் தரவுத்தளம் பழைய பதிப்புகளைக் காட்டும். ஆனால் நீக்கி மறுபடி உருவாக்கிய பதிவுக்கு, உருவாக்கிய நாளுக்கு முந்தையவை கிடைக்காது.

2024 ஜனவரி 3 அன்று ஆரஞ்சு ஸ்பெயினின் ரைப் கணக்குக்குள் ஒருவர் புகுந்து ஆர்.பி.கே.ஐ. பதிவுகளை (முகவரிகளை யார் அறிவிக்கலாம் என்பதற்கான டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றுகளை) மாற்றினார், சில மணி நேரம் அங்கே இணையம் தடுமாறியது. சாவியோடு வந்தவர்தான் அவரும்.

தினமும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடட்டும். உங்கள் மெயின்டெய்னர் பெயரிலும் ஏ.எஸ். எண்ணிலும் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) உள்ள பதிவுகளை, பதிவேட்டில் தேடும் ஹூஇஸ் (whois) வழியாக எடுத்து, வரிசைப்படுத்தி, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் கிட்டில் (Git) சேமியுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருந்தால் கூச்சல் போடட்டும். தேடலில் தொடர்பாளர் விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அளவுக்கு மீறி எடுத்தால் ரைப் உங்களைத்தான் தடுக்கும். விடை காலியாக வந்தால் ‘மாற்றமில்லை’ என்று எழுதும் ஸ்கிரிப்டுகளையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இரட்டை அடையாளச் சரிபார்ப்பைப் போடுங்கள். எச்சரிக்கை போகும் அஞ்சல்பெட்டி உங்கள் சொந்த நெட்வொர்க்கிலேயே இருக்க வேண்டாம். அது விழுந்தால் எச்சரிக்கையும் சேர்ந்தே விழும்.