மெஷ் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்

"தம்பி, நேத்து வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி இடி இடிச்சதுல ஒரே அடியா அஞ்சு பெட்டியும் போயிருச்சு."

ஐப்பசி மழையில் ஒரு காலைநேரம், திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் வார்டன் போனில் சொன்னது இது. பெட்டி என்று அவர் சொன்னது வைஃபை பெட்டிகளை. அங்கே இருப்பது மெஷ் நெட்வொர்க்: நோடு என்று நாங்கள் சொல்லும் பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசி, கைமாற்றிக் கைமாற்றி நெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒரு மழைக்காலத்தில் மட்டும் இதே கதையை நான் நான்காவது முறையாகக் கேட்டேன். அன்றைக்குப் பின்கட்டு மாணவர்கள் சிலருக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். ஒரு பையன் லேப்டாப்பை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆஃபீஸ் வராந்தாவுக்கு ஓடி வந்ததை நானே பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: அன்று இரவு கெட்டது ஒரே ஒரு பெட்டிதான். மெஸ்ஸில் இருந்த நோடின் அடாப்டர் கருகியிருந்தது. பின்கட்டில் இருந்த மற்ற நான்கும் நல்ல உயிரோடு, வெளியுலகத்துக்கு வழி தெரியாமல் நின்றன. அந்தப் பின்கட்டுக்கு உண்மையில் இரண்டு வழிகள் இருந்தன. மெஸ் வழி ஒன்று, தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் நோடு வழி இன்னொன்று. தொட்டி வழி எப்போதோ போய்விட்டது, அது யாருக்கும் தெரியவில்லை.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கிளாம்ப் நட்டு கழன்று, விடுதியைப் பார்த்து நிற்க வேண்டிய ஆன்டெனா சோளக்காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆடிக்காற்றின் வேலை. கேபிளை உருவினால் முனையில் பச்சைக் களிம்பு. ஆனால் ஆஃபீஸ் அறுபது மீட்டர் தூரம்தான் என்பதால், ஆன்டெனாவின் முதுகுப் பக்கமாகவே அந்த நோடுக்கு ஆஃபீஸ் லிங்க் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆஃபீஸில் இருந்த கண்காணிப்புத் திரையில் மூன்று மாதமாக அது பச்சை.

ஆமாம், அங்கே கண்காணிப்பு இருந்தது. பதினான்கு நோடுகளுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கும் ஒரு சின்னச் செய்தி. பதினான்கும் பச்சை. அதை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள்.

"மெஷ்ஷுன்னா தானே சரி பண்ணிக்கும்ல சார்?" என்று என்னிடம் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. விற்பவர்களும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கைதான் இத்தனை கேடுக்கும் காரணம். மெஷ் எதையும் சரி பண்ணாது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் சுற்றிப் போகும், அவ்வளவுதான். திரும்பிய ஆன்டெனா திரும்பியபடியேதான் நிற்கும், களிம்பு ஏறிய கேபிள் அப்படியேதான் இருக்கும். ஊருக்குள் வரும் இரண்டு பாலங்களில் ஒன்று இடிந்தால் பஸ்கள் மற்ற பாலத்தில் வரும். அதற்காக இடிந்த பாலத்தை யாராவது மறந்துவிடுவார்களா? மெஷ்ஷில் மறக்கிறோம், ஏனென்றால் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு கேபிள் அறுந்தால் அடுத்த நிமிடம் போன் வரும். மெஷ்ஷில் முதல் பழுது சத்தமே போடாது. இரண்டாவது பழுது வரும்போதுதான் எல்லாம் சேர்ந்து விழும். ஆகவே மெஷ்ஷுக்குத்தான் சாதாரண நெட்வொர்க்கைவிட அதிகக் கண்காணிப்பு வேண்டும்.

பிங் பச்சை காட்டியது ஏன் என்று கேட்பீர்கள். பிங் சுமப்பது வழக்கமாக 56 பைட். அந்தச் சின்னப் பொட்டலம் எவ்வளவு மோசமான லிங்கிலும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் விழுந்தாலும் வைஃபை தானாகவே மறுபடி மறுபடி அனுப்பும். அதனால் பழுது இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். அந்த விடுதியிலும் அது பதிவாகியிருந்தது! பின்கட்டு நோடுகளின் பிங் நேரம் ஆறு மில்லி செகண்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை நடுவில் ஒரே நாளில் நாற்பதுக்கு ஏறி, அதன்பின் இறங்கவே இல்லை. படிக்கட்டு மாதிரி கிராஃப் அங்கேயே கிடந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. நெட் ஸ்லோ என்று மாணவர்கள் சொன்னபோது, "நீங்க படம் பாக்குறீங்க" என்று அவர்களைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

கோலத்தில் புள்ளி மட்டும் இருந்தால் போதுமா? நோடு புள்ளி, லிங்க்தான் கோடு. கண்காணிக்க வேண்டியது கோட்டை. மெஷ்ஷில் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யும் பேட்மேன் நெறிமுறையை உருவாக்கியவர்கள், ஜெர்மனியில் இலவச வைஃபை நெட்வொர்க் அமைக்கும் ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள். அவர்களுடைய வரைபடங்களில் நோடுகளுக்கு நடுவே ஓடும் கோடுகளும் தரத்துக்கேற்ற நிறத்தில் தெரியும். 2011 முதல் பேட்மேன் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளம் போட்ட ரூட்டர் என்றால் தேவையான கருவிகள் எல்லாம் இலவசம். காசு இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஒவ்வொரு நோடிலிருந்தும் நிமிடத்துக்கு ஒருமுறை எனக்கு வேண்டியவை இவைதான்: பக்கத்து நோடுகள் எத்தனை, ஒவ்வொன்றோடும் சிக்னல் எவ்வளவு, மறு அனுப்பல் எத்தனை, கேட்வேக்கு (வெளி நெட்டுக்கான வாசல்) எந்த நோடு வழியாகப் போகிறது, கடைசியாக ரீஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம். சிபியு சூடும் மெமரியும் அப்புறம் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் முதல் எண் மட்டும் இருந்திருந்தால்கூட அந்த விடுதி தப்பியிருக்கும். பின்கட்டின் முகப்பு நோடுக்கு வெளிப்பக்கமாக இரண்டு பேர் தெரிந்த இடத்தில் ஒருவர்தான் தெரிகிறார் என்றால், அன்றைக்கே மஞ்சள் எரிய வேண்டும். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிய வேண்டும். இந்த ஒரு விதியை எழுதாமல் கண்காணிப்பு போட்டாயிற்று என்று பில் கொடுக்காதீர்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லிங்கின் தரம் என்று பேட்மேன் 4 காட்டும் டிக்யூ எண் 255-க்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த அளவை எடுக்கும் பொட்டலங்கள் எல்லோருக்குமான அறிவிப்பாக, மிகக் குறைந்த வேகத்தில் போகிறவை. மெதுவாகப் பேசினால் தூரத்தில் இருப்பவருக்கும் புரியும். நிஜ டேட்டா வேகமாகப் போகும்போதுதான் லிங்கின் வண்டவாளம் தெரியும். டிக்யூ 240 காட்டும், வீடியோ கால் உறைந்து நிற்கும். ஆகவே சிக்னலையும் மறு அனுப்பலையும் சேர்த்தே பதியுங்கள். பேட்மேன் 5 வேகத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

பதிவுகளை ரூட்டரின் ஃப்ளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத சேமிப்பு) எழுதாதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் ஃப்ளாஷ் தேய்ந்து, கண்காணிப்பே பெட்டியைக் கொன்றுவிடும். மெமரியில் வைத்திருந்து வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் நேரம் தாறுமாறாகிவிடும், லாகில் எது முதலில் நடந்தது என்றே புரியாது. ஆஃபீஸிலேயே ஒரு நேர சர்வர் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும். அப்புறம், ஐந்து செகண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்டு நோடுகளைத் துளைக்காதீர்கள். நீங்கள் கேட்கும் கேள்வியும் அதே காற்றில்தான் போகிறது.

நோடுகளிடம் நிலவரம் கேட்கப் பயன்படும் எஸ்என்எம்பி முறையின் கடவுச்சொல்லை "பப்ளிக்" என்றே விட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். விடுதியில் இருக்கும் எந்தப் பையனும் அதைப் படித்துவிடுவான். நிர்வாகத்துக்குத் தனி விலேன் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதி) போடுவது பத்து நிமிட வேலை.

கண்காணிக்கும் மினி பிசியை அதே யுபிஎஸ்ஸில், அதே இணைப்பில் வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் சேர்ந்து போகும், எச்சரிக்கை எங்கிருந்து வரும்? வெளியே ஒரு இடத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று அது சொல்லட்டும். மூன்று நிமிடம் சத்தம் இல்லை என்றால் உங்கள் போன் அடிக்கட்டும்.

வார்டன்களிடமும் மேலாளர்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நோடு வாங்கும்போதே கண்காணிப்புக்கும் ஒரு நாள் கூலி ஒதுக்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதச் சொல்லுங்கள். பேட்மேனின் பேட்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதே பெயர்களை ஏற்றிவிட்டால், திரையில் மேக் முகவரி என்ற புரியாத வன்பொருள் எண்ணுக்குப் பதிலாக "தொட்டி", "மெஸ்" என்றே வரும். வாட்ச்மேன்கூடப் படித்துச் சொல்லிவிடுவார். "நெட் ஸ்லோ" என்று மாணவர்கள் சொன்னால் முதலில் கிராஃபைத் திறந்து பாருங்கள், அதன்பிறகு அவர்களைத் திட்டலாம்.

மாதம் ஒருமுறை, ஆள் நடமாட்டம் குறைவான நேரத்தில், ஒரு நோடைக் கையால் அணைத்துப் பாருங்கள். நெட் நிற்கக் கூடாது, ஆனால் எச்சரிக்கை வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் உங்களிடம் கண்காணிப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விடுதியில் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டு வந்த பதினோராவது நாள் வார்டன் மறுபடி அழைத்தார். "தம்பி, மெஸ்ஸுக்கு நேரா மஞ்சள் எரியுது. ஆனா நெட்டு நல்லாத்தான் ஓடுது." போய்ப் பார்த்தால் புதிய அடாப்டரின் பிளக் ஆடிக்கொண்டிருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்கட்டில் யாருக்கும் அது தெரியாது.