உறங்காத முனையமும் ஓய்வில்லாத ஓவியங்களும்

விமான நிலைய முனையங்களில் வைக்கப்படும் கலைப்பொருள்களைப் பேணிக் காக்கும் பணியில் இருக்கும் எனக்குத் திருட்டும் உடைப்பும் தராத கவலையை வெளிச்சம் தருகிறது. காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மீது ஏறத்தாழ 50 லக்ஸுக்கு (ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியகங்களின் நெடுநாள் வழக்கம். ஒளியால் நேரும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை மங்கிய நிறம் திரும்பி வருவதில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் திறந்திருக்கும் கூடத்தில் ஒரு பழந்துணி 3 மாதங்களில் பெறும் ஒளியை, இரவும் பகலும் விளக்கெரியும் முனையத்தில் அதே விளக்கின்கீழ் அது ஒரே மாதத்தில் வாங்கிவிடுகிறது. கண்ணாடிச் சுவர் வழியே வரும் வெயிலும் புற ஊதாக் கதிரும் இந்தக் கணக்கில் சேராதவை.

ஒரு முனையத்தில் பூவேலை செய்த துணியொன்றைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த விரலகலப் பட்டை மட்டும் அடர்சிவப்பாக இருந்தது, மற்றதெல்லாம் வெளிறிப்போயிருந்தது. அத்தனை நாளும் அந்த வழியே சென்ற பயணிகள் அந்த வெளிறலையே துணியின் இயல்பான நிறம் என்று நினைத்திருப்பார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதற்காக, முனையத்தில் கலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 1980 முதல் கண்காட்சிகளை நடத்தி வருகிறது. அதன் அருங்காட்சியகம் 1999-இல் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கான முறையான அங்கீகாரத்தைப் பெற்றது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் 2002-இல் நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் கிளையைத் திறந்து, மூல ஓவியங்களையே பயணிகளுக்குக் காட்டியது. இவ்வாறு மூலப்பொருளை வைப்பவர்கள் ஒளியையும் ஈரப்பதத்தையும் தனியே கட்டுப்படுத்தக்கூடிய இடத்தை ஒதுக்கியாக வேண்டும்; பொருளைக் குறித்த கால இடைவெளியில் மாற்றவும் வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில், முனையத்தின் இயல்பைத் தாங்கக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை என்பது என் கருத்து. அட்லாண்டா நிலையத்தின் நிலத்தடி நடைபாதையில் ஜிம்பாப்வே சிற்பிகளின் கற்சிற்பங்கள் நிற்கின்றன. சிகாகோவின் ஓஹேர் நிலையத்தில் பிராக்கியோசாரஸ் என்னும் தொல்விலங்கின் எலும்புக்கூட்டு நகல் வைக்கப்பட்டது. அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு அந்த விலங்கின் உயரத்தைப் புரியவைக்க நகலே போதும். சிங்கப்பூர் சாங்கி நிலையத்தின் முதல் முனையத்தில் 2012-இல் நிறுவப்பட்ட மழைத்துளி வடிவிலான 1,216 உலோகத் துண்டுகளோ, கூரையிலிருந்து தொங்கி மோட்டார்களால் ஏறி இறங்குபவை. தொடக்கத்திலிருந்தே அந்தக் கூடத்துக்காகவே உருவானவை.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் நிற்பவரின் மனம் கடவுச்சீட்டிலும் வரிசையிலும் இருக்கும். சோதனையைக் கடந்து காத்திருக்கும்போதுதான் கண் சுவரின் பக்கம் திரும்புகிறது. அங்கேயும் அவசர வழியைக் காட்சிப்பேழை குறுக்கக் கூடாது. விளக்கப்பலகையில் 40 சொற்களுக்கு மேல் எழுத நான் சம்மதிப்பதில்லை, ஏனெனில் வாசிப்பவரின் ஒரு காது எப்போதும் அறிவிப்பில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கும் உயரத்தில் பலகை இருப்பது அவசியம்.

பயணிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேழையின் மீது பெட்டியைச் சாய்க்காதீர்கள். மூடியில்லாத உலோகச் சிற்பத்தைத் தடவாதீர்கள், கைவியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடிக்குள் நீர்த்துளியோ பூச்சியோ தெரிந்தால் அருகிலிருக்கும் ஊழியரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒருமுறை, விமானத்துக்காகக் காத்திருந்த ஒருவர் பேழைக் கண்ணாடியின் உட்புறம் பனித்திருப்பதைத் தெரிவித்தார். குளிரூட்டியின் காற்று நேராக அதன்மேல் வீசிக்கொண்டிருந்ததைக் கண்டு, உள்ளிருந்த ஓலைச்சுவடியில் பூஞ்சை பிடிப்பதற்குள் அன்றைக்கே அதை வெளியே எடுத்தோம்.