சொல்லாமல் இருப்பதற்கு ஆகும் உழைப்பு

ராணுவ முகாமில் திங்கள்கிழமை காலை. சிப்பாய்கள் விடுமுறைக் கதைகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காதலனோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த ஒருவர், 'அவன்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'அவள்' போட்டுப் பேசுகிறார். தமிழில் 'அவங்க' என்று ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. போன மாதம் அந்த 'அவளுக்கு' என்ன பெயர் சொன்னோம் என்பதும் மறக்கக் கூடாது.

அமெரிக்கப் படைகளில் 1994 முதல் 2011 செப்டம்பர் 20 வரை பலர் இப்படித்தான் வாழ்ந்தார்கள். 'கேட்காதே, சொல்லாதே' சட்டத்தின்படி மேலதிகாரி கேட்கக் கூடாது. தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ளவர் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் வேலை போகும். 13,000 பேருக்கு மேல் அப்படி வெளியேற்றப்பட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொன்னதும், அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 'கரடி எட்டிப் பார்க்கிறதா' என்று மனதின் ஒரு மூலை ஓயாமல் சோதிப்பதுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம். ரகசியத்துக்கும் அப்படி ஒரு காவல் வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் உண்பதும் உறங்குவதும் சக வீரர்களோடுதான். காவல்காரனுக்கு ஓய்வே கிடையாது. உளவியல் ஆய்வாளர் இலான் மேயர் இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கோட்பாட்டுக்குள் வைத்தார். யாரும் திட்ட வேண்டியதில்லை. திட்டுவார்களோ என்ற எதிர்பார்ப்பே உடலையும் மனதையும் அரிக்கப் போதும்.

சரி, உளவியலாளரிடம் போய்ப் பேசலாமே? அங்கேதான் அந்தச் சட்டம் மிகக் கொடூரமாக வேலை செய்தது என்பேன். ராணுவ உளவியலாளர் பெரும்பாலும் சீருடை போட்ட அதிகாரி. எதிரே இருப்பவரின் நலன் ஒரு பக்கம், படையின் விதி மறுபக்கம். சிகிச்சை அறையில் சொன்னதே வேலைக்கு உலை வைக்கலாம். போரின் கொடுங்கனவுகளுக்காக வந்தவர்கூட, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தயங்கினார். பாதிக் கதையை மட்டும் கேட்டு என்ன சிகிச்சை தருவது? 2010 மார்ச்சில்தான் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் விதிகளை மாற்றி, உளவியல் சிகிச்சையில் சொன்னவற்றை வேலைநீக்கத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினார்.

சட்டம் போனதும் காவல்காரன் உடனே இறங்கிப் போய்விடவில்லை. பல ஆண்டுப் பழக்கம் அது. நல்ல உளவியலாளர் முதல் சந்திப்பிலேயே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று பச்சையாகச் சொல்லிவிடுவார். ஈர்ப்பை மாற்ற முயலமாட்டார். அப்படி மாற்ற முடியும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2009-இலேயே அறிவித்தது. வந்தவரின் சிக்கல் தூக்கமின்மை என்றால் தூக்கத்தைத்தான் கவனிப்பார். வெளியே சொல்லும்படி நெருக்கமாட்டார். சொல்ல விரும்பினால், முதலில் யாரிடம், என்ன வார்த்தையில் என்று கூடவே உட்கார்ந்து யோசிப்பார். கேட்டவர் முகம் சுளித்தால் அப்புறம் என்ன செய்வது என்பதையும்தான்.

கேள்வியின் சொல்லும் முக்கியம். "மனைவி எப்படி இருக்கிறார்?" என்றால் காவல்காரன் விறைத்துக்கொள்வான். "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவசரப்படாமல் காத்திருப்பார்.