மிதவாதி: அளவாகப் பேசுபவரா, அமைதியாகப் போராடுபவரா?

மிதமான சூடு, மிதமான மழை என்கிறோமே, அதே ‘மிதம்’தான் மிதவாதியிலும் இருக்கிறது. வடசொல். ‘மித’ என்றால் அளக்கப்பட்டது, அளவுக்குள் நிற்பது. ‘வாதி’ பேசுகிறவர். ஆக, மிதவாதி என்றால் அளவாகப் பேசுகிறவர், அவ்வளவுதான். தண்ணீரில் மிதப்பதற்கும் இதற்கும் உறவில்லை.

அரசியலில் இந்தச் சொல் ஊன்றியது காங்கிரஸ் பிளந்த காலத்தில். 1907 டிசம்பரில் சூரத் மாநாட்டில் செருப்பும் நாற்காலியும் பறந்தன. கோகலே, பெரோஸ்ஷா மேத்தா அணியினர் மிதவாதிகள். திலகர், வ.உ.சி. அணியினருக்கு அமிதவாதிகள், தீவிரவாதிகள் என்று பெயர்.

இன்று தீவிரவாதி என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. அதனாலேயே, எதிரில் நிற்கும் மிதவாதிக்கும் ‘வன்முறை வேண்டாம் என்பவர்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘தீவிரவாதி’ வ.உ.சி. கையில் எடுத்தது என்ன? வெள்ளையர் கப்பலுக்குப் போட்டியாக ஒரு சுதேசிக் கப்பல் கம்பெனி. அப்புறம், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. வன்முறை இல்லாமல் எதுவும் மாறாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மில்லைத்தான். அந்த ஆண்டே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது ஆங்கில அரசு. கத்தி எடுக்காதவரைக் கண்டு அரசு அவ்வளவு அஞ்சியது.

மறுபக்கமும் பாருங்கள். 1920-ல் காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கினார். முழுக்க அகிம்சைதான். ஆனாலும் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி போன்ற மிதவாதிகள் அதை எதிர்த்தார்கள். மனு, சட்டசபை, பேச்சுவார்த்தை இவற்றைத் தாண்டித் தெருவுக்கு வருவதே அவர்களுக்கு அளவு மீறல். கோகலேயைத் தன் அரசியல் குரு என்று சொன்ன காந்தியும் 1930-ல் தடையை மீறி உப்பு எடுத்தார். அவரை மிதவாதி என்று எழுதுவது தவறு.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘நடுநிலையாளர்’ பொருந்தாது, மிதவாதிக்குத் தெளிவான பக்கம் உண்டு. ‘மென்போக்காளர்’ நல்ல சொல். ‘கடும்போக்காளர்’ ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பதால் இணையாக நிற்கும். விவாதங்களை அளவுக்குள் வைக்கும் வேலைக்கு ‘மட்டுறுத்தல்’ இருக்கிறது. மட்டு என்றாலும் அளவுதான். ஆயுதமின்றிப் போராடுகிறவரைச் சொல்ல வேண்டுமானால் ‘அறவழிப் போராளி’ என்றே எழுதுங்கள். வ.உ.சி.யின் மில் போராட்டத்துக்கும் காந்தியின் உப்புக்கும் அந்தச் சொல்தான் பொருந்தும்.