சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தருமுன் அடுத்த மாநிலத்துக் கோப்புகளையும் புரட்டுங்கள்

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி. நம்மூர் அரசு உதவிபெறும் பள்ளி போலத் தோன்றினாலும் இதற்கு ஒப்பந்தக் காலம் உண்டு. பெரும்பாலும் 5 ஆண்டு. அனுமதி தந்து, கண்காணித்து, தேறாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கும் அமைப்பை ஆத்தரைசர் என்பார்கள்.

1991-ல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் போக்கில் எழுதிக்கொண்டன. ஓரிடத்தில் பல்கலைக்கழகம் ஆத்தரைசராக இருக்கும், இன்னோரிடத்தில் தனி வாரியம். எண்ணிக்கையில் அதிகம் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள்தான், அதாவது அந்தந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள். அவற்றில் பலவற்றின் பொறுப்பில் ஒன்றிரண்டு சார்ட்டர் பள்ளிகளே இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலையில் யாருக்கும் கை பழகாது. பள்ளி நடத்தும் நிறுவனங்களோ பல மாநிலங்களில் விண்ணப்பித்துத் தேறியவை.

இதோடு பணமும் சேர்கிறது. கலிபோர்னியாவில் மேற்பார்வைக் கட்டணம் பள்ளியின் வருவாயில் 1 சதவீதம் வரை. கட்டடத்தை ஏறக்குறைய வாடகையின்றித் தந்தால் 3 சதவீதம் வரை. குட்டி மாவட்டம் ஒன்று பெரிய இணையவழிப் பள்ளிக்குக் கையெழுத்திட்டால் அந்த 1 சதவீதமே பெருந்தொகை. 2019-ல் சான் டியேகோவில் வழக்கான ஏ3 எஜுகேஷன் என்ற இணையவழிப் பள்ளி நிறுவனத்தின் விவகாரத்தில் இதைப் பார்த்தோம். அதை நடத்தியவர்கள் விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, மாணவர் பட்டியலில் சேர்த்துப் பணம் பெற்றார்கள். ஒஹையோவின் ஈகாட் இணையப் பள்ளி சொன்ன மாணவர் எண்ணிக்கையில் பாதிக்குக்கூட, அவர்கள் படித்த நேரத்துக்கான ஆவணம் இல்லை. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. பதிவேட்டில் உள்ள பெயர்களையும் உண்மையில் படித்த நேரத்தையும் ஒப்பிடாவிட்டால் எந்த மாநிலத்திலும் இதுவே நடக்கும்.

நீங்கள் ஆத்தரைசர் என்றால், விண்ணப்பம் வந்ததும், அந்த நிறுவனம் இதுவரை நடத்திய எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் கேளுங்கள். மூடியவை, திரும்பப் பெற்ற விண்ணப்பங்கள் உட்பட. அந்தந்த ஆத்தரைசரை நேரடியாகத் தொலைபேசியில் அழையுங்கள். 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கை, எச்சரிக்கைக் கடிதங்கள், எதிர்பார்த்த சேர்க்கைக்கும் உண்மையான சேர்க்கைக்கும் உள்ள வித்தியாசம், நிர்வாக நிறுவனத்தோடு (பணம் வாங்கிக்கொண்டு பள்ளியின் அன்றாட வேலையை நடத்தும் நிறுவனம்) பள்ளிக் குழு போட்ட ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வருவாயில் பெரும்பகுதி நேராக நிர்வாக நிறுவனத்துக்குப் போய்விட்டால், அதை நீக்கும் அதிகாரம் பள்ளிக் குழுவிடம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

மாநிலம் மாறினாலும் மாறாத அளவுகோல் நிதி. இந்தத் துறையில் பரவலாக உள்ள அளவுகள்: நடப்புச் சொத்து (ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது) நடப்புக் கடனைப்போல் (ஓராண்டுக்குள் கட்டவேண்டியது) 1.1 மடங்காவது, 60 நாள் செலவுக்குக் கையில் ரொக்கம், திட்டமிட்ட சேர்க்கையில் 95 சதவீதம். கடைசி எண்தான் முதலில் ஆட்டம் காணும். 300 பேருக்கு வரவுசெலவு போட்டு 255 பேர் வந்தால், தலைக்கு 10,000 டாலர் என்று வைத்தாலும் நான்கரை லட்சம் டாலர் துண்டு. வாடகையும் சம்பளமும் குறையாது. பள்ளி திறக்கும் ஆகஸ்டில் தெரியவேண்டிய இந்தக் கணக்கு, காலாண்டு அறிக்கைக்காகக் காத்திருந்தால் டிசம்பரில்தான் தெரியும்.

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் மாநிலம் தாண்டி ஒப்பிட வேண்டாம். தேர்வும் தேர்ச்சிக்கோடும் வேறு. அந்த மாநிலத்துக்குள், இதே மாதிரி மாணவர்கள் படிக்கும் பள்ளிகளோடு வைத்து வளர்ச்சியைப் பாருங்கள்.

விண்ணப்பத்தை ஆராய வேற்று மாநில மதிப்பீட்டாளரை அழைப்பதில் லாபம் அதிகம். உள்ளூர் உறவுகள் அவரைக் கட்டாது. முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடவேண்டும், பிறகே கலந்து பேசவேண்டும். குழுவில் ஒருவராவது உங்கள் மாநிலச் சட்டம் தெரிந்தவராக இருக்கட்டும். வெளிமாநில மதிப்பீட்டுப் படிவத்தை அப்படியே எடுத்து, உங்கள் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக மறுத்தால், கொலராடோ போல மாநில வாரியத்தில் மேல்முறையீடு உள்ள இடங்களில் முடிவு நிற்காது.

பள்ளி மூடும் திட்டத்தையும் ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பள்ளி மூடிய மாநிலத்தாரிடம் அவர்கள் பட்டியலைக் கேட்டால் தருவார்கள். மாணவர் பதிவேடு யார் கையில், கடைசிச் சம்பளத்துக்குப் பணம் எங்கே, பெற்றோருக்கு எந்த நாளில் கடிதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளின் தனித்தனிக் கல்வித் திட்டக் கோப்புகளை முதலில் அனுப்புங்கள். அவை இல்லாமல் புதிய பள்ளியில் பேச்சுப் பயிற்சிகூடத் தொடங்க முடியாமல் வாரக்கணக்கில் இழுக்கும்.